இரண்டு சைபர்ட்ரான் கேம்களையும் மறுபடி விற்பனைக்கு வையுங்கள்

எக்ஸ்பாக்ஸை நடத்தும் மைக்ரோசாஃப்ட்டுக்கும், இப்போது அதற்குச் சொந்தமான ஆக்டிவிஷனுக்கும், ரோபோக்கள் வண்டியாக உருமாறும் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடரின் பெயரைக் கையில் வைத்திருக்கும் ஹாஸ்ப்ரோவுக்கும்,

வணக்கம்.

மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள் என்ற பயம்தான். கோரிக்கை சின்னது, அந்த ரோபோக்களின் கிரகமான சைபர்ட்ரானில் நடக்கும் இரண்டு கேம்களைப் பற்றியது. 2010இல் வந்த ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்: வார் ஃபார் சைபர்ட்ரான்’, 2012இல் வந்த ‘ஃபால் ஆஃப் சைபர்ட்ரான்’ ஆகிய இரண்டு கேம்களையும் காசு கொடுத்து வாங்கும்படி மறுபடி கடையில் வையுங்கள். மெருகேற்ற வேண்டாம். புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். இருந்தபடியே போதும்.

சமீபத்தில் இரண்டையும் அடுத்தடுத்து ஆடி முடித்தேன். கடையிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் வாங்கிப் போட்டிருந்ததால் என் லைப்ரரியில் இன்னும் இருக்கின்றன, டவுன்லோடும் ஆகின்றன. ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், “மாமா, இது எனக்கும் வேணும், எங்க வாங்கலாம்?” என்றான். 2024இல் வந்த அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு சைபர்ட்ரான் பைத்தியமாக அலைகிறவன். வாங்க முடியாது என்றேன். “ஏன், பணம் ஜாஸ்தியா?” என்று கேட்டான். பணம் கொடுத்தாலும் கிடைக்காது என்பது ஒரு பத்து வயதுப் பையனுக்குப் புரிகிற மாதிரி சொல்லக்கூடிய விஷயமாக இல்லை. அவனுக்குச் சொல்ல முடியாததை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

முதலில் கேமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கோரிக்கை பழைய பாசத்தில் மட்டும் வருவதல்ல. பழைய கேம்களில் பல, இன்று ஆடிப் பார்த்தால் கை வலிதான் மிச்சம். இவை அப்படி இல்லை.

ஆனால் குறை இல்லாமலும் இல்லை. ‘வார் ஃபார் சைபர்ட்ரா’னில் முதல் சில மணி நேரம் இரும்புச் சுவர், இரும்புத் தரை, இரும்புக் கதவு, நடுவே ஊதா வெளிச்சம், இவ்வளவுதான் காட்சி. ஒரு கூடத்தில் எதிரிகளை அடித்து முடித்தால் கதவு திறக்கும். அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு கூடம். குண்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். பிடித்த துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். இதையெல்லாம் வந்த புதிதிலேயே விமர்சகர்கள் சொல்லிவிட்டார்கள். இன்றும் அது உண்மைதான்.

அப்படியிருந்தும் கன்ட்ரோலரைக் கீழே வைக்க முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2006இல் ‘கியர்ஸ் ஆஃப் வார்’ வந்த பிறகு, மூன்றாம் நபர் ஷூட்டர் (நம் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்துச் சுடும் கேம்) என்றாலே சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, தலையை நீட்டிச் சுட்டு, மறுபடி பதுங்குவது என்று ஆகிப்போனது. எல்லோரும் அதையே செய்தார்கள். இந்த இரண்டு கேம்களையும் செய்த, கலிபோர்னியாவில் இருந்த உங்கள் ஹை மூன் ஸ்டுடியோவும் ‘கியர்ஸ்’ ஓடிய அதே அன்ரியல் 3 எஞ்சினைத்தான் (கேமை இயக்கும் மென்பொருள்) எடுத்தது. ஆனால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் வசதியை வைக்கவே இல்லை. அதற்குப் பதிலாக உருமாற்றத்தை வைத்தார்கள். இடது ஸ்டிக்கை ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதோ, குதித்து அந்தரத்தில் இருக்கும்போதோ, அடி வாங்கிச் சாகப்போகும்போதோ, எப்போது வேண்டுமானாலும் ரோபோ வண்டியாகும், வண்டி ரோபோவாகும்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வண்டியாக மாறியதும் அது உடனே சக்கரத்தில் ஓடாது. தரைக்குச் சற்று மேலே மிதக்கும். மிதந்தபடியே பக்கவாட்டில் நகரலாம், சுடலாம். வேகப் பட்டனைப் பிடித்தால்தான் சக்கரம் தரையில் பதிந்து வண்டி பாயும். ஆக உங்கள் கையில் மூன்று விதமான உடம்பு இருக்கிறது: நடக்கிற ரோபோ, மிதக்கிற பீரங்கி, பறந்தோடுகிற வண்டி. நாலு பேர் சுற்றி நிற்கும்போது லாரியாக மாறி நடுவே பாய்ந்து, அந்தப் பக்கம் போய் எழுந்து நின்று, திரும்பிச் சுடும் அந்த இரண்டு மூன்று விநாடிக்காகத்தான் அந்த இரும்புக் கூடங்களை மன்னித்துவிடத் தோன்றுகிறது. ஸ்டார்ஸ்க்ரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூவரும் வரும் அத்தியாயத்தில் விமானமாகவே மாறலாம். அங்கே கூடத்தின் உயரமும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளில் வந்த ஷூட்டர்களில் இதை இவ்வளவு சுளுவாகச் செய்த இன்னொன்று எனக்குத் தட்டுப்படவில்லை.

கதைக்கு வருகிறேன். சண்டை இரண்டு கட்சிக்கு நடுவே: மெகட்ரானின் டிசெப்டிகான்கள், ஆப்டிமஸ் பிரைமின் ஆட்டபாட்கள். முதல் கேமில் பத்து அத்தியாயம், ஐந்து டிசெப்டிகான் பக்கம், ஐந்து ஆட்டபாட் பக்கம். எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். காலவரிசைப்படி டிசெப்டிகான்தான் முதலில். விண்வெளி நிலையத்தில் ஸ்டார்ஸ்க்ரீமின் காவலில் இருக்கும் டார்க் எனர்ஜான் என்ற தீய சக்தியை மெகட்ரான் பறிக்கிறான். பிறகு அதைக்கொண்டு கிரகத்தின் மையத்தையே கெடுக்கிறான். அதாவது முதல் பாதியில் வில்லனாக இருந்து ஜெயிப்பது நாம்தான். இரண்டாம் பாதியில் ஆப்டிமஸாக அந்த மையத்துக்கு இறங்கிப் போகும்போது, அதை இந்தக் கதிக்கு ஆளாக்கியதே நம் கைதான் என்று தெரிந்தே போகிறோம். அங்கே கிரகம் பேசுகிறது. தன்னைத் தானே சரிசெய்துகொள்ள முடியும், ஆனால் அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் அணைந்து கிடக்க வேண்டும், அதுவரை இங்கே யாரும் வாழ முடியாது என்கிறது. சுட்டுத் தள்ளி ஊரைக் காப்பாற்றுகிற கதைதான் வரப்போகிறது என்று நினைத்து உட்கார்ந்தவனுக்கு, ஊரைக் காலி பண்ணுகிற வேலைதான் கிடைக்கிறது. பொம்மை விற்பதற்காகப் பிறந்த ஒரு தொடரின் கேமில் இப்படி ஒரு முடிவை எழுத ஒருவருக்குத் துணிச்சல் வந்தது, அதை ஹாஸ்ப்ரோவும் அனுமதித்தது. அந்தப் பெருமை உங்களுக்கும் உண்டு. அதனால்தான் அது கிடைக்காமல் கிடப்பது கூடுதலாக உறுத்துகிறது.

‘ஃபால் ஆஃப் சைபர்ட்ரான்’ இன்னும் நல்ல கேம். ரோபோக்களின் எரிபொருளான எனர்ஜான் தீர்ந்துபோன கிரகத்தை விட்டு இரண்டு கட்சியும் கப்பல் கட்டி ஓடப் பார்க்கும் கதை. முதல் கேமைப் பற்றி எழுந்த புகார்களை ஸ்டுடியோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறது என்பது அத்தியாயத்துக்கு அத்தியாயம் தெரிகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் அந்தப் பாத்திரத்துக்கென்றே தைத்த சட்டை மாதிரி. கிளிஃப்ஜம்பர் உருவத்தை மறைத்துக்கொண்டு பதுங்கிப் போகிறான். ஜாஸ் கொக்கிக் கயிற்றை வீசித் தாவுகிறான். ஆப்டிமஸுக்கு மெட்ரோப்ளெக்ஸ் இருக்கிறான். நகரமே எழுந்து நிற்கிற அளவுக்குப் பெரிய ரோபோ. ஆப்டிமஸ் இலக்கைக் குறிவைத்துக் காட்டினால், மேலே எங்கிருந்தோ அடி விழும். மெகட்ரானை மெட்ரோப்ளெக்ஸ் ஒரே குத்தில் நசுக்கும் இடத்தில் அக்கா மகன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். அப்புறம் மெகட்ரானின் ஆளான சவுண்ட்வேவ் அந்த நொறுங்கிய உடம்பைத் தேடிப்போய்ச் சேர்த்துக் கட்டுகிறான். ‘நான்தான் இனித் தலைவன்’ என்று ஸ்டார்ஸ்க்ரீம் முடிசூட்டிக்கொள்ளும் நேரம் பார்த்து மெகட்ரான் திரும்பி வருகிறான். சிரித்துவிட்டேன். வசனம் இல்லாமலே சிரிப்பு வருகிற இடம் அது.

எனக்குப் பிடித்தது கிரிம்லாக்கின் அத்தியாயம். இவ்வளவு நேரம் ‘எப்போது வேண்டுமானாலும் உருமாறு’ என்று பழக்கியவர்கள், இங்கே அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். கிரிம்லாக்கிடம் துப்பாக்கியும் கிடையாது. வாளும் கேடயமும்தான். அடித்து நொறுக்க நொறுக்கக் கோபம் ஏறும். அது நிரம்பினால்தான் டைனோசராக முடியும். மற்றவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது இவனுக்குச் சம்பாதித்தால்தான். டிசெப்டிகான் விஞ்ஞானி ஷாக்வேவ் அவனைச் சோதனைக்கூடத்தில் வைத்துக் குதறியதன் விளைவு அது. அதைக் கட்ஸீன் என்கிற இடைக்காட்சியில் சொல்லிவிட்டுப் போகாமல் நம் கை விரலிலேயே உணர வைக்கிறார்கள். கேம் வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு அத்தியாயத்தைப் பாடமாக வைக்கலாம். ஆனால் எந்த ஆசிரியர், எந்தக் கடையில் வாங்கிக் காட்டுவது?

இதிலும் ஒரு குறை உண்டு. முதல் கேமில் கதையை மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். இரண்டாவதில் அதை எடுத்துவிட்டார்கள். நண்பர்களோடு ஆடியவர்கள் அன்றே முணுமுணுத்தார்கள். கடைசி அத்தியாயம் அந்தக் குறையை ஓரளவு மறக்கடிக்கிறது. ஆட்டபாட்களின் ஆர்க், டிசெப்டிகான்களின் நெமிசிஸ், இரண்டு கப்பலும் மோதிக்கொண்டிருக்க, சில நிமிடத்துக்கு ஒருமுறை கட்சி மாறி மாறி ஆட வைக்கிறார்கள். இப்போதுதான் நாமே காப்பாற்றியதை அடுத்த நிமிடம் நாமே உடைக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆக்டிவிஷனுக்கும் ஹாஸ்ப்ரோவுக்கும் இடையே இருந்த உரிமம் முடிந்ததும், 2017 முடிந்து 2018 பிறக்கும் சமயத்தில், ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் கேம்கள் டிஜிட்டல் கடைகளிலிருந்து மொத்தமாக எடுக்கப்பட்டன. ‘ஃபால் ஆஃப் சைபர்ட்ரா’னை 2016 ஆகஸ்டில்தான் பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் கொண்டுவந்திருந்தீர்கள். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, எடுத்தாகிவிட்டது. முதல் கேமுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அது பழைய கன்சோல் டிஸ்க்கோடும் கணினியோடும் நின்றுவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடையையும் 2024 ஜூலையில் மூடிவிட்டீர்கள்.

இதில் ஹை மூனின் நிலைமையை நினைத்தால்தான் வருத்தம். அவர்கள் 2013இல் செய்த ‘டெட்பூல்’ கேமும் இன்று வாங்கக் கிடையாது. அது இன்னும் விநோதம்: வந்து ஒரு வருடம் ஆவதற்குள்ளேயே கடையை விட்டுப் போயிற்று, 2015இல் திரும்பி வந்தது, 2017 நவம்பரில் மறுபடி போயிற்று. அந்த ஸ்டுடியோ இன்று உங்கள் பெரிய தொடர்களுக்குக் கைகொடுக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தங்கள் பெயர் முன்னால் நிற்க அவர்கள் செய்த மிகச் சிறந்த வேலை இந்த இரண்டு சைபர்ட்ரான் கேம்கள். புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவரிடம், ‘நாங்கள் செய்தது இது, வாங்கி ஆடிப் பார்’ என்று அவர்களால் சொல்ல முடியாது.

2023இல் ஒரு கூத்து நடந்தது, நினைவிருக்கும். மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்கும் பேச்சு முடியும் தறுவாயில், இந்தப் பழைய கேம்கள் எந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன என்று ஆக்டிவிஷனுக்கே தெரியவில்லை என்கிற மாதிரி ஹாஸ்ப்ரோ தரப்பில் ஒருவர் பேட்டியில் சொல்லப்போக, ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு ஹாஸ்ப்ரோ, கேம்கள் தொலைந்துபோனதாக வந்த பேச்சு தவறு என்று சொல்லி ஆக்டிவிஷனிடம் மன்னிப்புக் கேட்டது. பலர் இதைப் படித்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நான் அதில் இரண்டு நல்ல செய்திகளைப் பார்த்தேன். ஒன்று, கேம்கள் தொலையவில்லை. இரண்டு, அவை கேம் பாஸில் (சந்தா கட்டி ஆடும் எக்ஸ்பாக்ஸ் சேவை) வந்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் ஹாஸ்ப்ரோவுக்குள்ளேயே இருக்கிறது, அந்தப் பேட்டியிலேயே அந்த ஆசையும் வெளிப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வாங்கல் முடிந்தது. பொருள் ஒருவர் கையில், பெயர் இன்னொருவர் கையில். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு மேஜை போட்டு உட்கார வேண்டியதுதான் பாக்கி.

‘போன உரிமம் திரும்பாது’ என்று யாராவது சொல்வார்கள். திரும்பியிருக்கிறது. ‘ஆலன் வேக்’ பாட்டு உரிமங்களால் 2017இல் போய், அடுத்த ஆண்டே திரும்பியது. ‘ஸ்காட் பில்கிரிம்’ கேம் 2014 கடைசியில் போய் 2021 ஜனவரியில் வந்தது. ‘ஆல்ஃபா புரோட்டோகால்’ 2019இல் மறைந்து 2024இல் வந்தது. ஆளுக்கொரு உரிமையாளர் பிடித்து இழுத்ததால் இனி வராது என்று எல்லோரும் கைகழுவியிருந்த ஜேம்ஸ் பாண்ட் கேம் ‘கோல்டன்ஐ’கூட 2023இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. அதைச் சாதித்தவர்களில் நீங்களும் ஒருவர், மைக்ரோசாஃப்ட். அதைவிடச் சிக்கலான முடிச்சு இதில் என்ன இருக்கிறது? ஜேம்ஸ் பாண்டோடு பேசி முடித்தவர்களுக்கு ஆப்டிமஸ் பிரைமோடு பேச முடியாதா?

பெரிய படத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்தக் கணக்கு 2010க்கு முந்தைய கேம்களுக்கு மட்டும். சைபர்ட்ரான் கேம்கள் அதில் சேரவே சேராது. அதாவது நிலைமை அந்த எண் காட்டுவதையும் தாண்டிப் போகிறது. நூலகங்கள் பழைய கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடக் கொடுக்க அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அந்த அனுமதியை எதிர்த்து வாதாடியது உங்கள் தொழில்துறைச் சங்கம். சரி, நூலகம் கொடுக்கக் கூடாது என்றால் நீங்கள் விற்க வேண்டும். இரண்டையும் தடுத்துவிட்டு, திருட்டுக் காப்பி ஆடுகிறவனைப் பார்த்து முகம் சுளிப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

கேம்களைப் பாதுகாக்கவென்றே எக்ஸ்பாக்ஸில் ஒரு தனிக் குழு அமைத்திருப்பதாக 2024இல் செய்தி வந்தது. நல்லது. அந்தக் குழுவின் கையில் ஏற்கனவே நீளமான பட்டியல் இருக்கும் என்று தெரியும். அதில் இந்த இரண்டையும் மேலே தள்ளுங்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘ஃபால் ஆஃப் சைபர்ட்ரா’னுக்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்பு ஏற்கனவே தயாராக இருக்கிறது. அதற்குப் புதிதாகப் பொறியியல் வேலை பெரிதாக எதுவும் தேவைப்படாது, கையெழுத்துதான் தேவை. கணினிப் பதிப்புகள் இரண்டும் ஸ்டீமில் இன்னும் கிடக்கின்றன. வாங்கியவர்களுக்கு இன்றும் டவுன்லோட் ஆகின்றன. விற்கும் பட்டனை மறுபடி போடுவதற்கு முன் ஒப்பந்தம் எழுதுவதுதான் வேலை.

ஹாஸ்ப்ரோவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் ஸ்பிளாஷ் டேமேஜ் ஸ்டுடியோ செய்துகொண்டிருந்த ‘ரீஆக்டிவேட்’ கேம் கைவிடப்பட்டது. பெரிய செலவில் புதிய ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் கேம் ஒன்று செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடம் காலியாக இருக்கும்போது, செய்து முடித்து, விமர்சகர்கள் பாராட்டி, பீட்டர் கல்லன் குரல் கொடுத்த இரண்டு கேம்கள் சும்மா கிடக்கின்றன. 1984இலிருந்து ஆப்டிமஸுக்குப் பேசிவரும் மனிதர் அவர். அந்தக் குரலோடு சைபர்ட்ரானில் நடக்கும் ஒரு முழுக் கதையை இனி யார் எப்போது எடுப்பார்கள்?

மல்டிபிளேயரைப் பற்றியும் கேட்பீர்கள். ‘எஸ்கலேஷன்’ முறையில் நான்கு பேர் சேர்ந்து அலை அலையாக வருகிற எதிரிகளைத் தடுத்து, சேர்த்த புள்ளிகளில் குண்டும் மருந்தும் வாங்கிய இரவுகளை மறந்தவர்கள் குறைவு. அது திரும்பினால் கொண்டாடுவோம். ஆனால் சர்வர் செலவு, பாதுகாப்பு, பழைய புரோகிராம் கோடு என்று நீங்கள் தலையைச் சொறிவது இங்கேயே தெரிகிறது. அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க வேண்டாம். கதை மட்டும் வந்தால் போதும். பக்கத்தில் ‘ஆன்லைன் கிடையாது’ என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள். வாங்குகிறவர்கள் பார்த்துதான் வாங்குவார்கள்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது, ஒன்றுதான் முடியும் என்றால் ‘ஃபால் ஆஃப் சைபர்ட்ரா’னை முதலில் வையுங்கள். கதை புரியுமா என்று கவலைப்பட வேண்டாம், புரியும். முதல் கேம் பின்னால் வரட்டும். கேம் பாஸில் சேர்ப்பதானால் அதோடு நிறுத்திவிடாமல் தனியாகவும் விலை போடுங்கள். ஜிஓஜி என்ற கணினி கேம் கடையிலும் வைத்தால் இன்னும் நல்லது. புதிய உரிமம் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மறுபடி கடையிலிருந்து எடுப்பதாக இருந்தால் கொஞ்சம் முன்கூட்டியே சொன்னால், வேண்டுமென்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பதில் மூவரில் யாரிடமிருந்து வந்தாலும் சரி.

இப்படிக்கு,
இரண்டு கேம்களையும் ஒருமுறை வாங்கிவிட்டு, இன்னொரு முறை வாங்கத் தயாராக இருக்கும் ஒரு ரசிகன்

பின்குறிப்பு: பிளாட்டினம் கேம்ஸ் 2015இல் செய்த ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்: டெவஸ்டேஷ’னும் இதே கையோடு கடையை விட்டுப் போனது. அது ஷூட்டர் அல்ல, அடிதடி கேம். அதனால் இந்த மடலில் பேசவில்லை. ஆனால் ஒப்பந்தம் எழுத உட்காரும்போது அதையும் அதே காகிதத்தில் சேர்த்துவிடுங்கள்.